முற்றும் போட வராத கை

அந்த வீட்டுப் படுக்கையறைக்குக் கதவு கிடையாது. கிடையாது என்று சொல்வதும் தப்பு. கதவு இருக்கிறது, எதிர்ச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கீல் கழன்று ஒன்பது வருடம் ஆகிறது. கழன்ற அன்றே வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வந்து நின்றார். அதற்குள் ஆபீசிலிருந்து போன். "சீரியல் முடியட்டும், மாட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அந்தக் கதவின் மேல் துண்டு காய்கிறது.

குளியலறைக் குழாயின் சொட்டு, கூடத்து ட்யூப் லைட்டின் கண் சிமிட்டல், அவருடைய இடது கடைவாய்ப் பல் என்று அந்த வீட்டில் பல விஷயங்கள் சீரியல் முடிவதற்காகக் காத்திருந்தன. வேடிக்கை என்னவென்றால், அங்கே யாரும் சீரியல் பார்ப்பதில்லை. அவர் சீரியல் தயாராகிற இடத்தில் வேலை பார்த்தார், அவ்வளவுதான்.

‘பெரியம்மா வீட்டு பீரோ’ பதினொரு வருடம் ஓடியது. வாரத்துக்கு ஆறு நாள், சரியாக எட்டு மணிக்கு. பெரியம்மாவிடம் ஒரு இரும்பு பீரோ. அதற்கு ஏழு பூட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கதை. ஆறு சாவிகள் முதல் இரண்டு வருடத்தில் கிடைத்துவிட்டன. ஏழாவதை ஒன்பது வருடம் தேடினார்கள். அது கிணற்றில் விழுந்தது. நாய் விழுங்கியது. நாயைக் கடத்தினார்கள். மீட்டு வந்தபோது நாய்க்குப் பழைய நினைவு போயிருந்தது.

இதில் அவருடைய வேலை கடைசிப் பத்து விநாடி மட்டும். மற்ற எடிட்டர்கள் வெட்டி ஒட்டி முடித்ததும் அத்தியாயம் அவர் மேஜைக்கு வரும். யாராவது ஒருவர் அதிர்ச்சியில் திரும்பிப் பார்ப்பார். அந்த முகத்தை அவர் நிறுத்துவார். கண் விரிந்திருக்க வேண்டும். வாய் திறந்திருக்கக் கூடாது, திறந்தால் கொட்டாவி மாதிரி இருக்கும். இமை பாதி இறங்கியிருந்தால் குடித்துவிட்டு நிற்பது மாதிரி இருக்கும். ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம் ஓடும். அதில் ஒன்றே ஒன்றுதான் சரியான முகம். கல்யாண வீடியோ எடிட் செய்த காலத்தில், சாப்பாட்டுப் பந்தியில் யாரையும் கேவலமாகக் காட்டாமல் நிறுத்திப் பழகிய கண் அவருக்கு. முகம் நின்றதும் விசைப்பலகையின் மேல் வரிசையில் நாலாவது விசையைத் தட்டுவார். திரையின் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ‘தொடரும்’ வந்து விழும். அந்த விசையின் மேல் எழுத்து அழிந்துபோய்ப் பல வருடம் ஆகிறது.

ஆபீசில் அவருக்கு ‘தொடரும் அண்ணன்’ என்று பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் சொந்தப் பெயர் இல்லை.

அவருடைய மனைவி கண் மருத்துவமனையில் நர்ஸ். கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருப்பவர்கள் டிவி பார்க்கக் கூடாது. அதனால் வார்டில் நுழைந்தாலே எல்லாக் கட்டிலிலிருந்தும் ஒரே கேள்வி: "சிஸ்டர், பீரோ திறந்தாச்சா?" அந்த அம்மாள் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே சொல்வார்: "எங்க வீட்டுக் கதவையே இன்னும் மாட்டல. பீரோவுக்கு என்ன அவசரம்?"

கதவு, குழாய், பல் எல்லாம் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காத ஒன்று மூன்று வயதில் வேறு ஊரில் இருந்தது. மகளின் மகள். பத்து மணி நேர ரயில் தூரம். ஆறு நாள் அத்தியாயம், ஏழாவது நாள் அடுத்த வாரத்துக்கான விளம்பரத் துண்டு என்று ஓடியதில் அவர் ஒரு முறைகூடப் போனதில்லை. மகள் கைக்குழந்தையோடு வந்து பத்து நாள் தங்கினாள். அவர் கிளம்பும்போதும் குழந்தை தூங்கியது, திரும்பும்போதும் தூங்கியது. மற்றபடி எல்லாம் போனில்தான்.

விளைவு இது: பேத்தியைப் பொறுத்தவரை தாத்தா என்றால் போன். தாத்தாவோடு பேசுகிற கருவி இல்லை. அந்தக் கருவிதான் தாத்தா. அதைச் சார்ஜரில் செருகினால், "தாத்தா சாப்பிடறாரு." அந்த நேரத்தில் தொட்டால் கெட்டுவிடும் என்று மகள் ஒரு முறை மிரட்டியதால், சாப்பிடும் தாத்தாவை யாரும் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"சீரியல் முடிஞ்ச மறு வாரமே வந்துடறேன்டா கண்ணு" என்று அவர் போனிலிருந்து சொல்வார். பேத்தி போனைத் திருப்பி, பின்பக்கம் கால் இருக்கிறதா என்று தேடுவாள்.

அப்படியிருக்கையில் ஒருநாள் சீரியல் முடிந்தே விட்டது.

பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அந்த எட்டு மணிக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்று நிகழ்ச்சித் தலைவி முடிவெடுத்தார். மேடம் என்றால் ஆபீசில் அவர்தான். கடைசி வாரத்தில் மூன்று மருமகன்களையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிப் பள்ளத்தில் தள்ளினார்கள். சனிக்கிழமை பீரோ திறக்கும் என்று நகரம் முழுக்கப் போஸ்டர். செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று.

ஒரு சின்னச் சிக்கல்தான் இருந்தது. ‘முற்றும்’ என்ற அட்டையே ஆபீசில் இல்லை. யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. டிசைனரை உட்கார வைத்து, தங்க எழுத்தில், இரண்டு பக்கமும் புறா வைத்துச் செய்தார்கள். முதல் புறாவுக்குக் கழுத்து நீளம் என்று திருத்தினார்கள். கடைசியில் ‘முற்றும் - இதுதான் கடைசி - புறா சரி’ என்ற பெயரில் ஒரு ஃபைல் அவர் கணினிக்கு வந்தது. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக எட்டு மணிக்கு வீட்டில் இருந்தார். மனைவியோடு சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்த்தார்.

பெரியம்மா ஏழாவது சாவியைப் போட்டுத் திருகினார். பீரோ திறந்தது. உள்ளே காலி. பெரியம்மா கண்ணீரோடு திரும்பி, "இத்தனை நாளா இதுக்குள்ள இருந்தது நம்ம அன்புதான்" என்றார்.

"அடப் பாவிங்களா" என்றார் நர்ஸம்மா.

பெரியம்மாவின் முகம் நின்றது. கண் விரிந்து, வாய் மூடி, அற்புதமான முகம். அதன் ஓரத்தில் சிவப்பு எழுத்து வந்து விழுந்தது: தொடரும்.

கூடத்தில் ட்யூப் லைட் மட்டும் சிமிட்டியது.

"என்னங்க, முடிஞ்சுதுன்னு சொன்னீங்க?"

"முடிஞ்சுது."

"தொடரும்னு போட்டிருக்கு?"

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் போடல. இதுதான் போட்டிருக்கு."

டைரக்டர் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்கலாம். கடைசிப் பத்து விநாடியை யாரும் சரிபார்ப்பதில்லை. அது அண்ணன் கை. அது எங்கே தப்பும்?

அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் மக்கள் அன்றைக்கே டிவியை உடைத்திருப்பார்கள். பதினொரு வருடம் காத்திருந்தவனுக்குக் காலி பீரோவைக் காட்டினால் வேறு என்ன செய்வான்? ஆனால் ‘தொடரும்’ என்று போட்டிருக்கிறதே. அப்படியென்றால் அன்பு என்பது பெரியம்மாவின் நாடகம். உண்மையான சரக்கு வேறு எங்கோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வார்டில் கண்கட்டோடு ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார்: "பீரோவுக்குப் பின்பக்கம் ஒரு அறை இருக்கு சிஸ்டர். நான் மரவேலைக்காரன். எனக்குத் தெரியாதா?"

"அது இரும்பு பீரோங்க."

"இரும்புக்குப் பின்பக்கம் இருக்கக் கூடாதா?"

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மக்கள் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பெரியம்மாவுக்குப் பதில் மீசை வைத்த ஒரு புதுக் கதாநாயகன் பைக்கில் வந்து இறங்கினான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் சேனலின் போன்கள் அலறத் தொடங்கின. எட்டரைக்கு வாசலில் நாற்பது பேர். ஒன்பதுக்கு நானூறு. தையல்காரர்கள், பஸ் கண்டக்டர்கள், வேலை முடிந்த யூனிஃபார்மோடு ஒரு தொழிற்சாலையே வந்திருந்தது. ‘எங்கள் பீரோவைத் திற’ என்று ஒரு அட்டை. வாட்ச்மேன் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "திறந்து காட்டினாங்களேம்மா! காலின்னு பார்த்தீங்கல்ல!"

"அதான் தொடரும்னு போட்டாங்கல்ல? உனக்குப் படிக்கத் தெரியாதா?"

மாடி ஜன்னலிலிருந்து பார்த்த மேடத்துக்கு முதலில் பயம், அப்புறம் பரவசம். அண்ணனை அழைத்தார்கள். அவர் ராஜினாமாவைப் பையில் வைத்துக்கொண்டே போனார்.

"மேடம், கை தவறிப் போச்சு. மன்னிச்சுடுங்க."

"என்ன கை தவறிப் போச்சு?"

"தொடரும் போட்டது."

மேடம் கதவைச் சாத்தினார். "இங்க பாருங்க அண்ணே. தவறிச்சுன்னு வெளியில ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா உங்க வேலை போயிடும். இது நாங்க ஒரு வருஷமா ரகசியமா போட்ட திட்டம். புரியுதா? நாளையிலிருந்து ஷூட்டிங்."

"நாளைக்கு எனக்கு ரயில் மேடம். பேத்தியைப் பார்க்க."

"உங்க கை ராசியில சேனலே நிக்குது. நீங்க ரயில்ல போய் உட்கார்ந்தா எப்படி? ரெண்டாவது பீரோ திறக்கட்டும், போங்க."

"ரெண்டாவது பீரோவா?"

மூலையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த கதாசிரியர் நிமிர்ந்தார். "பீரோவுக்குள்ள பீரோ. இப்பதான் மேடம் சொன்னாங்க. எனக்கும் செய்திதான்."

டிக்கெட்டுகள் ரத்தாயின. நர்ஸம்மா கதவிலிருந்து துண்டை எடுத்து மடித்து, மறுபடி அதே கதவின் மேல் போட்டார்.

செத்த சீரியலை எழுப்புவது சுலபமாக இல்லை. பள்ளத்தில் விழுந்த மூன்று மருமகன்களில் ஒருவர் வேறு சேனலில் போலீஸ் அதிகாரி ஆகிவிட்டார். மற்ற இருவரை அழைத்து வந்து, அந்த பஸ் கிளம்பவே இல்லை என்று சொல்லவைத்தார்கள். பெரியம்மாவாக நடித்த அம்மாள் விடுதலையைக் கொண்டாட முடியைக் கிராப் வெட்டியிருந்தார். கதையில் பெரியம்மாவுக்கு டைஃபாய்டு வந்தது. பழைய பீரோ எடைக்குப் போயிருந்தது. புதிதாக வாங்கியதற்குப் பூட்டு ஐந்துதான். மீதி இரண்டை வரைந்தார்கள்.

பார்த்தவர்கள் எல்லோரும் திட்டினார்கள். "இதுக்கு அன்போடயே விட்டிருக்கலாம்" என்று டீக்கடையில் பேச்சு. ஆனாலும் ஒருவரும் சேனலை மாற்றவில்லை. மாற்றினால், பதினொரு வருடம் வீண் என்று தாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அவர் ஒழுங்காக முகத்தை நிறுத்தி, நாலாவது விசையைத் தட்டிக்கொண்டிருந்தார். எழுபது நாள் போனது. எழுபத்தொன்றாவது நாள் அவர் இறந்துபோனார்.

நடந்தது இதுதான். மகளின் போன் பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். பேத்தி நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், "தாத்தா செத்துட்டாரு" என்று சொல்லிவிட்டு அங்கேயே விளையாட உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மாவும் கணவரும் உடை மாற்றிக்கொண்டு வந்து, கூடத்தில் தலை குனிந்து அமர்ந்தார்கள். மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்ப ஆச்சு?" என்று அவர்கள் கேட்க, தன்னிடம்தான் யாரும் சொல்லவில்லை போல என்று நினைத்து, மாமியாருக்குப் போன் போட்டார். "அத்தை, மாமாவுக்கு என்ன ஆச்சு?"

நர்ஸம்மா சொட்டு மருந்துக் குப்பியைக் கீழே வைத்தார். கணவருக்குப் போன் அடித்தார்.

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்ல."

"உயிரோடதானே?"

"ஏன்?"

"சும்மா கேட்டேன்."

ஆனால் அதோடு விடவில்லை. உண்மை தெரிந்து மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார், மகள் சிரித்தாள், பக்கத்து வீட்டம்மாவும் சிரித்தார். நர்ஸம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்தே சொன்னார்.

"நீங்க செத்ததுக்கு அவ அழலியாம். சார்ஜ் போட்டா எழுந்துடுவாருன்னு சொன்னாளாம்."

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு நான் கிளம்பறேன். ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. ஒண்ணுல நான் உட்காருவேன். இன்னொண்ணுல நீங்க உட்கார்ந்தா உட்காருங்க, இல்லன்னா பையை வெச்சுக்கறேன்."

"சீரியல் முடி..."

"முடிக்கிறது யாரு? அந்தக் கைதானே ஆரம்பிச்சுது?"

புதன்கிழமை காலை அவர் மேடத்திடம் லீவு கேட்டார். மேடம் சிரித்தார். "ரெண்டாவது பீரோ திறக்கட்டும்ணே."

"அது எப்ப திறக்கும்?" என்று கதாசிரியரிடம் கேட்டார்.

"மூணாவது பீரோ பாக்கி இருக்கு" என்றார் அவர். காலையிலிருந்து ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

எழுதாததால் அன்றைய அத்தியாயத்தின் கடைசி நான்கு நிமிடத்துக்குக் காட்சி இல்லை. நடிகர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டர் சலித்துப்போய், "சும்மா சமையலறையில நில்லுங்க, எதையாவது பேசுங்க" என்றார். மூத்த மருமகள் டீ போட்டுக் கொடுத்தாள். பதினொரு வருடமாகப் பெரியம்மாவின் சாவியைத் திருட அலைந்தவள். பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றார்.

"நாளைக்குச் சரியா போட்டுடறேன் அத்தை" என்றாள் மருமகள்.

பெரியம்மா கிராப்புத் தலையைத் தடவிக்கொண்டே மிச்சத்தையும் குடித்தார். அவ்வளவுதான் காட்சி.

ஏழு மணிக்கு அது அண்ணனின் மேஜைக்கு வந்தது. அதிர்ச்சியான முகம் எதுவும் இல்லை. தேடினார். டம்ளர் காலியான பிறகு பெரியம்மா மருமகளைப் பார்க்கிறார். உதடு சிரிக்கப் போகிறது, இன்னும் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நிறுத்தினார். கல்யாண வீடியோக்களில் அவர் தேடித் தேடி நிறுத்திய மாதிரி முகம் அது.

வலது கை தானாக நாலாவது விசைக்குப் போனது. இழுத்தார். மறுபடி போனது. எழுந்து, வலது கையை நாற்காலியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தார். பழகாத இடது கையால் மவுஸைப் பிடித்து, திரையில் தடுமாறித் தடுமாறி, எழுபத்துச் சொச்சம் நாளாகத் தொடாமல் கிடந்த ஃபைலைத் தேடினார். முற்றும். இதுதான் கடைசி. புறா சரி. இழுத்து வந்து பெரியம்மாவின் முகத்தோரம் வைத்தார். ஒரு புறா கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அதைத் திருத்தவில்லை. அனுப்பிவிட்டு, போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வியாழக்கிழமை ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு பெரிய உடம்புக்காரர், லாரி டிரைவராம், கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா தொழில் முறையில் விசாரித்தார். "கண்ணுல தூசியா?"

"இல்லம்மா. நேத்து பீரோ பார்த்தீங்களா? முடிஞ்சுடுச்சு. என்ன ஒரு முடிவு! பதினொரு வருஷச் சண்டை, ஒரு டம்ளர் டீயில முடிச்சுட்டான். ‘நாளைக்குச் சரியா போட்டுடறேன்’ங்கறா. வாழ்க்கையே அதுதானே?"

"பீரோவுல என்ன இருந்துதுன்னு சொன்னாங்களா?" என்றார் அண்ணன் மெதுவாக.

"அட, பீரோவுல என்ன இருந்தா நமக்கென்ன சார்? உங்களுக்கு ரசனையே இல்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸம்மா சொன்னார்: "திரும்பிப் போனதும் அந்தக் கதவை மாட்டணும்."

"சீரியல் மு..." என்று தொடங்கினார். இரண்டு ஸ்டேஷன் தாண்டி, "மாட்டணும்" என்றார்.

சேனல் சும்மா இருக்கவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்து, வியாழன் இரவு எட்டு மணிக்கு அடுத்த அத்தியாயத்தைப் போட்டது. யாரும் பார்க்கவில்லை. முடிந்துபோன சீரியலை எவன் பார்ப்பான்? போன் செய்த ஒன்றிரண்டு பேரும், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததை ஏன் தோண்டுகிறீர்கள் என்று கண்டித்தார்கள்.

ஆனால் அதெல்லாம் இரவு நடந்த கதை. அதற்கு முன், மாலை நாலரை மணிக்கு மகள் வீட்டுக் கதவு திறந்தபோது, அவர் கையில் பையோடு நின்றிருந்தார். பேத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். ஓடிப் போய் மேஜையில் இருந்த போனைப் பார்த்தாள். திரும்பி வந்து, அவரைச் சுற்றி ஒரு நடை நடந்து, பின்பக்கம் இருந்த இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தாள்.

"தாத்தாவா?" என்றாள் அம்மாவிடம்.

"தாத்தாதான்."

யோசித்தாள். உள்ளே போய்ச் சார்ஜரை இழுத்துக்கொண்டு வந்தாள். வெகு தூரம் வந்திருக்கிறார், சார்ஜ் இறங்கியிருக்கும். அவர் தரையில் உட்கார்ந்தார். அதை எங்கே செருகுவது என்று அவள் மூக்கு, காது என்று தேடித் தோற்றபோது, சட்டைப் பையை விரித்துக் காட்டினார். செருகினாள்.

வீட்டு விலாசத்தைக் காட்டுவதற்காக ரயிலடியில் உயிர்ப்பித்திருந்த அவருடைய போன் அப்போது அலறியது. மேடம். எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள், பழக்கதோஷத்தில் வலது கை நீண்டது.

பேத்தி பட்டென்று அந்தக் கையில் ஒன்று போட்டாள்.

"சாப்பிடும்போது தொடக் கூடாது."

கை மடிக்குத் திரும்பியது. போன் முழுசாக அடித்து ஓய்ந்தது.